ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு மட்டும் ஏன் இரண்டு?

கேள்வி: என் மகள் இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறாள். நியமனக் கடிதத்தில் அவள் பெயருக்கு முன்னால் எம், எஸ் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. விவாகரத்தானவர்களுக்குத்தான் அப்படிப் போடுவார்கள் என்கிறார் என் நாத்தனார். வரன் பார்க்கிற நேரம். ‘மிஸ்’ என்று மாற்றித் தரச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். உங்கள் நாத்தனார் சொன்னது தவறு. கல்யாணம் ஆனவர், ஆகாதவர், கணவரை இழந்தவர், பிரிந்தவர் என்று எந்தப் பெண்ணுக்கும் அதைப் போடலாம். ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேட்காமலே ஒரு பெண்ணுக்கு மரியாதையாகக் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக வந்த சுருக்கம் அது.

‘மாஸ்டர்’ என்ற சொல்லிலிருந்து ‘மிஸ்டர்’ வந்தது. ‘மிஸ்ட்ரஸ்’ என்ற சொல் சுருங்கி ‘மிஸ்’, ‘மிஸஸ்’ இரண்டும் வந்தன. அதாவது இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். 18-ம் நூற்றாண்டில்கூட இங்கிலாந்தில் ‘மிஸஸ்’ என்றால் கல்யாணமானவர் என்றே அர்த்தமாகிவிடாது. சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர், நாலு பேரை வேலை வாங்குகிறவர் என்றால் மணமாகாத பெண்ணும் ‘மிஸஸ்’தான். ‘மிஸ்’ சிறுமிகளுக்கு உரியதாக இருந்தது. அப்புறம்தான் தாலிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்கிற மாதிரி கோடு கிழித்தார்கள். ஆணுக்கு மட்டும் எந்தக் கோடும் கிழிக்கவில்லை.

இந்தக் கோட்டை அழிக்கலாம் என்று 1901-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரப் பத்திரிகை ஒன்று எழுதியது. நீங்கள் கேட்கிற அதே இரண்டெழுத்தைத்தான் அது சிபாரிசு செய்தது. பெரிதாக எடுபடவில்லை. 1961-ல் ஷீலா மைக்கேல்ஸ் என்ற பெண், அறைத்தோழிக்கு வந்த தபாலின் முகவரியில் அதைப் பார்த்து, முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தார். பிறகு பல ஆண்டுகள் அதற்காகப் பேசியவரும் அவர்தான். 1972-ல் பெண்ணியவாதி க்ளோரியா ஸ்டைனமும் தோழிகளும் தங்கள் பத்திரிகைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

நியூயார்க் டைம்ஸ் மட்டும் பிடிவாதமாக மறுத்துவந்தது. 1984-ல் ஜெரால்டின் ஃபெராரோ அமெரிக்கத் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டார். ஃபெராரோ என்பது அவருடைய அப்பா வழிப் பெயர். கணவர் பெயர் ஸக்காரோ. பத்திரிகையோ அவரை ‘மிஸஸ் ஃபெராரோ’ என்றே எழுதியது. ‘மிஸஸ்’ஸோடு கணவர் பெயரைச் சேர்ப்பதுதான் அவர்கள் வழக்கம். அப்படிப் பார்த்தால் அது அவருடைய அம்மாவைக் குறிக்கும்! சரி, ‘மிஸ்’ என்று எழுதலாமென்றால் அவர் கல்யாணமானவர். எப்படி எழுதினாலும் தப்பாகிற இடம் அது. கடைசியில் 1986-ல்தான் அந்தப் பத்திரிகை இறங்கிவந்தது.

உச்சரிப்பில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. ‘மிஸ்’ஸின் கடைசி ஒலி பாம்புச் சீறல் மாதிரி, இந்த இரண்டெழுத்துச் சுருக்கத்தின் கடைசி ஒலி வண்டின் ரீங்காரம் மாதிரி. நம் பள்ளிக்கூடங்களில் பேரன் பேத்தி எடுத்த ஆசிரியைகூட ‘மிஸ்’தான். அதைக் கேட்டு யாரும் அவருக்கு வரன் பார்ப்பதில்லை.

நம் பக்கமும் சரியாக இல்லை. ஆணுக்குக் கடைசிவரை ‘திரு’. பெண்ணுக்குச் ‘செல்வி’யா, ‘திருமதி’யா என்று விசாரித்துவிட்டுத்தான் அழைப்பிதழ் அச்சாகிறது. ‘திருவாட்டி’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தும் அதை எடுத்துப் புழங்காமல் இருக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அம்மா, அந்தக் கடிதம் உங்கள் மகள் படித்த படிப்புக்கு வந்தது. நாளை அவளுக்குக் கல்யாணம் ஆனாலும் அந்த இரண்டெழுத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டெழுத்துக்கும் நடுவே சாய்கோடு இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். அது ‘மெசர்ஸ்’, கம்பெனிகளின் பெயருக்கு முன்னால் போடுவது.