பிட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? – கேள்வி பதில்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளில் ஜியாலஜிஸ்டாக 22 வருடம் ஓட்டியவன் நான். தோண்டிக்கொண்டிருக்கும்போதே, பாறையைக் குடையும் முனையான பிட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கிற பாட்டைப் பற்றி, போன ஞாயிறு ராயபுரம் படிப்பகத்தில் நம்ம ஆட்கள் பிடித்து உட்கார வைத்துக் கேட்டவை இவை.

காசிமேடு, போட் வைத்திருப்பவர்: எங்க போட்டுல எக்கோ சவுண்டர் இருக்கு, ஆழத்த டக்குனு காட்டுது. உங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பாடு?

அண்ணே, தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். அது பெரிதாக மாறாததால் உங்கள் மெஷின் கணக்குப் போட்டுவிடுகிறது. நிலத்துக்கடியில் அப்படி இல்லை. இளகின களிமண்ணில் 2000, இறுகின சுண்ணாம்புக்கல்லில் 5000, 6000 என்று மாறும். சைஸ்மிக் படத்தில், அதாவது நிலத்துக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வைத்து வரையும் படத்தில், மேலிருந்து கீழாக இருப்பது மீட்டர் இல்லை, எதிரொலி போய்த் திரும்பிய நேரம். 2 நொடியில் திரும்பினால் (போக ஒன்று, வர ஒன்று), சராசரி வேகம் 2500 என்று வைத்து, ஆழம் 2500 மீட்டர் என்போம். அந்த வேகத்தில் 5 சதவீதம் பிசகினால் 125 மீட்டர் போச்சு. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் இரண்டை அடுக்கினாலும் எட்டாது.

தண்டையார்பேட்டை, பாலிடெக்னிக் மாணவி: அதனால என்ன சார், இன்னும் கொஞ்சம் தோண்டினா வந்துடாதா?

வரும்மா, ஆனால் என்ன வரும் என்பதுதான் பயம். சில களிமண் அடுக்குகளில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சிக்கி, அழுத்தம் ஏறிக் கிடக்கும். அதற்குள் பிட் நுழையும் முன்பே கேசிங்கை (கிணற்றுச் சுவரைக் காக்கும் இரும்புக் குழாய்) இறக்கி, மட் வெயிட்டை (கிணற்றில் ஓடும் சேற்றுக் குழம்பின் கனம்) கூட்டியாக வேண்டும். ரொம்ப மேலேயே கேசிங்கை நிறுத்திவிட்டால், கீழே போகப் போக கனமான மட் நடுவில் உள்ள பலவீனமான பாறையைப் பிளந்துவிடும். தாமதித்தால் கேஸ் கிணற்றுக்குள் ஏறும். கோதாவரிக் கரையில் பாசர்லபூடி கிணறு 1995 ஜனவரியில் பீறிட்டுத் தீப்பிடித்தது. அணைக்க 65 நாள் ஆனது. அழுத்தம் கைமீறினால் என்ன ஆகும் என்பதற்காக அதைச் சொன்னேன்.

நல்லவேளை, அந்த மாதிரி அடுக்கில் ஒலி அந்த ஆழத்துக்கு இருக்க வேண்டியதைவிட மெதுவாகப் போகும். அதை முன்கூட்டியே பிடிக்கத்தான் இத்தனை பாடும்.

கொருக்குப்பேட்டை, லேத் பட்டறைக்காரர்: ட்ரில் ஓடுற சத்தத்துல எதக் கேட்டு அளப்பீங்க?

சரியான ஆள் கேட்கிறீர்கள். முதலில் வந்த வழியில் அந்தச் சத்தமேதான் கருவி. மூன்று கூம்பு உருளும் பிட் பாறையை இடித்துக்கொண்டே போகும். பைப்பின் உச்சியில் ஒரு சென்சார், தரையில் வரிசையாக ஜியோஃபோன்கள் (நில அதிர்வைப் பிடிக்கும் கருவிகள்). இரண்டு பதிவையும் ஒப்பிட்டால், பிட்டிலிருந்து ஒலி மேலே வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று கிடைக்கும். பிறகு செயற்கை வைரப் பற்கள் பதித்த பி.டி.சி. பிட் வந்தது. அது உங்கள் லேத் டூல் மாதிரி சீவும், இடிக்காது. அதனால் இந்த வழிக்குப் போதுமான சத்தம் வராது.

இன்னொரு வழி இதற்கு நேர் எதிர். ரிக் பக்கத்தில் கடலில் ஏர் கன் (அழுத்திய காற்றை விட்டு ஒலி எழுப்பும் கருவி) தொங்கும், பிட்டுக்குச் சற்று மேலே ரிசீவர் இருக்கும். புது பைப் மாட்டும்போது பம்ப் நிற்கும், சுழற்சி நிற்கும். அந்த ஓரிரு நிமிட அமைதியில் கன்னைச் சுடுவோம். பம்ப் மறுபடி ஓடியதும், கருவி அளந்த நேரம் மட்-டில் அழுத்தத் துடிப்பாக மேலே வரும். நொடிக்குச் சில பிட் (கம்ப்யூட்டர் பிட், குடையும் பிட் இல்லை) தகவல்தான், தந்தி அடிக்கிற வேகம். முழுப் பதிவும் கருவியின் மெமரியிலேயே இருக்கும், மேலே ஏற்றிய பிறகுதான் கையில் கிடைக்கும்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அப்படி ஒரு எண் வந்தது. படத்தில் பிட் இருக்கும் இடத்தைக் குறித்துப் பார்த்தால், அழுத்த அடுக்கு நாங்கள் நினைத்ததைவிட 40 மீட்டர் மேலேயே நிற்கிறது. கையிலிருந்த டீ ஆறிப்போனது. கேசிங்கை முன்னாலேயே இறக்கினோம்.

திருவொற்றியூர், இல்லத்தரசி: வீட்டு போருக்கு இத வெச்சுப் பாக்கலாமா?

வேண்டாம்மா, செலவு தாங்காது. நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டர் போதும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும் என்பதால் அதில் தெரிந்துவிடும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிக் கிடப்பது தெரிந்ததுதானே. தேங்காய் வைத்துப் பார்ப்பதைப் பற்றி என் மாமனார் எதிரில் நான் வாய் திறப்பதில்லை.

மாதவரம், இன்ஜினியரிங் மாணவர்: 5 மீட்டர் அடுக்குக்குள்ளயே படுக்கைவசமா தோண்ட சைஸ்மிக் போதுமா அண்ணா?

போதாது தம்பி. வேகம் 3000, அதிர்வெண் 30 என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்வாசி, அதாவது 25 மீட்டருக்குக் கீழே மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே பிளவு வருகிறது என்று சைஸ்மிக் சொல்லும். அடுக்கை விட்டு வெளியே போகாமல் பிட்டைத் திருப்புவது காமா ரே (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு), ரெசிஸ்டிவிட்டி அளவுகளை வைத்துத்தான்.

ராயபுரம், பிளஸ் டூ பையன்: இந்த வேலைக்கு என்ன படிக்கணும் அண்ணா?

ஜியாலஜி, இல்லையென்றால் ஜியோஃபிசிக்ஸ். பிரசிடென்சி காலேஜிலேயே ஜியாலஜி இருக்கிறது. அதற்கு முன்னால், கடல் உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இந்த அண்ணன் போட்டில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா.