யார் வாசித்த கிட்டார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒருவராலேயே, மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மறுவாழ்வு கிடைத்தது என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். மகளுக்குக் கிட்டார் வாங்க அண்ணா சாலைக்குப் போயிருந்தபோது, கடையில் வாசித்துப் பார்த்த பையன்கள் எல்லாரும் ‘இளைய நிலா’வின் தொடக்கத்தையே வாசித்தார்கள். நம் ஊரில் கிளாப்டனின் இடம் இளையராஜாவுக்குத்தானே?

– வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆம், ஆனால் இருவருடைய செல்வாக்கும் ஒரே வழியில் வந்ததல்ல. அக்கூஸ்டிக் வாத்தியங்களில் வாசிக்கும், 1992இல் வெளியான ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சியில், மின்கிட்டாருக்குப் பேர்போன கிளாப்டன் நாற்காலியில் அமர்ந்து, தன் புகழ்பெற்ற ராக் பாட்டான ‘லைலா’வையே நிதானப்படுத்தி, 1939ஆம் ஆண்டின் மார்ட்டின் 000-42 கிட்டாரில் வாசித்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 1995இல் மார்ட்டின் நிறுவனம் அந்த வடிவத்தில் அவர் பெயரிட்டு 461 கிட்டார்களை மட்டும் செய்து விற்றது. ‘461 ஓஷன் புலிவார்ட்’ என்ற அவருடைய 1974ஆம் ஆண்டு இசைத்தட்டின் தலைப்பில் உள்ள எண் அது. அங்கே ரசிகர்கள் கண்ணால் கண்ட வாத்தியத்தைத் தேடிப் போனார்கள்.

இங்கே காண்பதற்கு எதுவும் இருக்கவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்று, ‘அன்னக்கிளி’க்கு முன்பு பிறருடைய ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தவர் இளையராஜா என்றாலும், நம் மனத்தில் நிற்கும் அவருடைய உருவம் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருப்பதுதான். 1982இல் வந்த ‘இளைய நிலா’வில் ஸ்வரங்கள் அவருடையவை, வாசித்த விரல்கள் ஆர். சந்திரசேகருடையவை. (வாத்தியக்காரர்களின் பெயரைப் போடாத நம் திரையுலக வழக்கத்தால் இதை அறியாதவர்களே அதிகம், எனக்கு இது தீராத மனக்குறை.) அந்தத் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள்: கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டத்தை) ஒரே வீச்சில் அடித்துவிடாமல் தந்தி தந்தியாகப் பிரித்து வாசிப்பதும், பாலசுப்ரமணியம் பாடத் தொடங்கிய பிறகும் கிட்டார் ஒதுங்கிவிடாமல் குரலுக்கு அடியில் தொடர்வதும் தெளிவாகக் கேட்கும். இரண்டாண்டுகள் முந்தைய ‘என் இனிய பொன் நிலாவே’யிலும் கிட்டாரை நீக்கிவிட்டால் பாட்டு பாதியாகிவிடும்.

ஆகவே இங்கே பரவியது ஒரு வாத்தியத்தின் மீதான மோகம் அல்ல, குறிப்பிட்ட சில ‘பிட்’களை, அதாவது பாட்டின் சிறு இசைத்துணுக்குகளை, நாமே வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை. நாலு கார்டுகளைக் கற்றுக்கொண்டு பாடிக்கொண்டே வாசிப்பது மேற்கில் பரவலான தொடக்கம்; நம் பிள்ளைகள் ‘இளைய நிலா’வின் முதல் சில விநாடிகளில் தொடங்கி, பலர் அங்கேயே நின்றும்விடுகிறார்கள். அதற்காக அவர்களைக் கேலி செய்ய மாட்டேன், ஏனெனில் கடினமான ஓர் இடத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கிட்டார் விற்பனை பெருகியதற்கு மலிவான இறக்குமதிகளும் யூடியூப் பாடங்களும் பிற்பாடு காரணமாயின. அந்தக் கணக்கு முழுவதையும் இளையராஜாவின் பெயரில் எழுத வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்கு வாங்கும்போது தந்திகள் விரல் அழுத்தும் பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். உயரம் கூடினால் ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் எஃப் கார்டில் குழந்தை சலித்துவிடுவாள். சென்னையின் மழைக்கால ஈரத்தில் மரம் உப்பி அந்த உயரம் இன்னும் கூடக்கூடும் என்பதால், வாசிக்காத நேரத்தில் கிட்டாரை உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.