நின்டெண்டோ 64-இல் சிடி இல்லாமல் கேட்ரிட்ஜ் வைத்தது ஏன்?

சோனியின் பிளேஸ்டேஷன் சிடியில் ஓடும்போது, 1996-இல் வந்த நின்டெண்டோ 64 வீடியோ கேம் கன்சோல் மட்டும் ஏன் பழைய கேட்ரிட்ஜையே (நம்மூர்ப் பேச்சில் கேம் கேசட்) பிடித்துக்கொண்டு நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் வேகம். 'சூப்பர் மரியோ 64'-இல் கோட்டைச் சுவரில் தொங்கும் ஓவியத்துக்குள் மரியோ குதித்ததும், கண நேரத்தில் அடுத்த உலகம் வந்துவிடும். அன்றைய சிடி டிரைவில் இதற்கு "லோடிங்" பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டாவது, சிடியைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பது சுலபம். கேட்ரிட்ஜில் அது அவ்வளவு லேசில்லை. மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை: மற்ற கம்பெனிகளின் கேம்களுக்கும் கேட்ரிட்ஜ் தயாரிப்பு நின்டெண்டோ கையில்தான். அதில் வருமானமும் உண்டு, பிடியும் உண்டு.

ஆனால் அடி விழுந்தது சேமிப்பு இடத்தில். சிடியில் சுமார் 650 எம்பி. நின்டெண்டோ 64-இன் மிகப் பெரிய கேட்ரிட்ஜிலேயே 64 எம்பிதான். தயாரிப்புச் செலவோ பல மடங்கு. அதுவரை நின்டெண்டோவின் வீட்டுக் கன்சோல்களில் வந்துகொண்டிருந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசை, 1997-இல் ஏழாம் பாகத்தோடு பிளேஸ்டேஷனுக்குத் தாவியது. வீடியோக் காட்சிகள் நிறைந்த அந்த கேமுக்கு மூன்று சிடி தேவைப்பட்டது! ஜப்பானில் நின்டெண்டோ சறுக்கியதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

அதற்காக கேட்ரிட்ஜில் பெரிய கேமே வரவில்லை என்றில்லை. இரண்டு சிடியில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2'-ஐ, வீடியோக்களை நசுக்கிச் சுருக்கி, 1999-இல் ஒரே கேட்ரிட்ஜில் அடைத்தார்கள். அசுர வேலை. 2001-இல் வந்த கேம்கியூபில் நின்டெண்டோவும் சிறிய டிஸ்க்குக்கு மாறிவிட்டது.