தாத்தாவின் கடிகாரத்தை எப்போது திறப்பது?

வணக்கம் ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய கடிகாரங்களைச் சீரமைக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். தாத்தாவின் சாவி கொடுக்கும் ஊசல் கடிகாரம் ஒன்றும் பாக்கெட் வாட்ச் ஒன்றும் என்னிடம் உள்ளன, இரண்டும் ஓடவில்லை. முதலில் சிறியதான வாட்சைத் திறக்கலாமா? இவற்றைப் புதிதுபோல் ஆக்க முடியுமா? முறையான பயிற்சி இல்லாத ஒருவர் இதில் இறங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக இறங்கலாம். கடலில் தீர்க்கரேகையைக் கணிப்பதற்காக ஜான் ஹாரிசன் 18ஆம் நூற்றாண்டில் செய்த கடிகாரங்கள் பாழடைந்து கிடந்ததைக் கண்டு, 1920இல் அவற்றைச் சீரமைக்கத் தாமாக முன்வந்த ரூபர்ட் கூல்ட் ஒரு கடற்படை அதிகாரி. கடிகாரத் தொழில் பயின்றவர் அல்லர். அந்தப் பணி 1933 வரை நீண்டது. செய்ததையெல்லாம் அவர் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். இன்று கையில் கேமரா இருப்பதால் நமக்கு இது இன்னும் எளிது: ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ச் சிறியது என்பதால் எளிது என்று எண்ண வேண்டாம். முன்னும் பின்னும் சுழன்று நேரத்தை அளக்கும் அதன் சமநிலைச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் முனை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், ட்வீசர் ஒருமுறை வழுக்கினால் முறிந்துவிடும். பாகங்கள் கண்ணுக்கும் கைக்கும் அடங்கும் ஊசல் கடிகாரத்தில்தான் தொடங்க வேண்டும், அதுவும் தாத்தாவின் கடிகாரத்தில் அன்று, கெட்டாலும் யாரும் வருந்தாத ஏதோவொரு பழைய கடிகாரத்தில்.

உங்கள் ஊசல் கடிகாரத்தில் ஒருவேளை பழுதே இல்லாமலும் இருக்கலாம். ஊசலை ஆட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக்' ஒலிக்கும் 'டாக்' ஒலிக்கும் இடையிலான இடைவெளி சமமாக இல்லையென்றால், கடிகாரம் சாய்ந்து தொங்குகிறது அல்லது இடம் மாற்றியபோது ஊசலைத் தள்ளும் கம்பி விலகியிருக்கிறது. இடம் மாற்றிய பிறகு நின்றுபோகும் கடிகாரங்கள் பல, இதைச் சரிசெய்தாலே ஓடத் தொடங்கிவிடும்.

திறந்தே ஆகவேண்டும் என்றால், முதல் வேலை சுருள்வில்லில் தேங்கியுள்ள விசையை இறக்குவது. பல ஆண்டுகளாக ஓடாத கடிகாரத்தின் வில்லும் முழுவதுமாக முறுக்கேறியிருக்கக்கூடும். சாவியை இறுகப் பிடித்து, அது பின்னால் சுழலாமல் தடுக்கும் நாக்கை விலக்கி, பிடியை விடாமல் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் சக்கரங்களைத் தாங்கும் தகட்டைக் கழற்றினால் சக்கரங்களின் பற்கள் உடையும், விரலிலும் பலத்த காயம் படும். எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பொழுதுபோக்கில் அவசரம் ஆபத்தாக முடிவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது எண்ணெய். நின்ற கடிகாரத்தின்மேல் ஏதாவதொரு ஸ்பிரே எண்ணெயைப் பீய்ச்சி ஓடவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பழைய எண்ணெயில் சேர்ந்த தூசு அச்சுத் துளையின் பித்தளையில் பதிந்து, சுழலும் எஃகு அச்சையே அரத்தைப்போல் அராவுகிறது. துளையும் தேய்ந்து நீள்வட்டமாகிறது. சக்கரங்கள் சரியாகப் பொருந்தாமல் போய், கடிகாரம் ஒருநாள் நின்றுவிடுகிறது. எனவே பிரித்துக் கழுவி, துளைகளைச் சுத்தம் செய்து, தேய்ந்தவற்றில் புதிய புஷ் (அச்சைத் தாங்கும் சிறு உலோக வளையம்) பொருத்திய பிறகே, கடிகாரத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெயை அச்சு முனைகளில் மட்டும் துளியளவு இடவேண்டும். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் கூடாது.

புதிதுபோல் ஆக்குவதைப் பொறுத்தவரை, இயந்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுத்தம் செய்யுங்கள், டயலைத் தொடாதீர்கள். மங்கிய எண்களைத் தேய்த்து எடுத்துவிட்டால் அவை திரும்ப வாரா.

ஓர் எச்சரிக்கை. உங்கள் வாட்சின் எண்களிலோ முட்களிலோ இருளில் ஒளிர்வதற்கான பூச்சு இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இப்பூச்சில் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமம் பரவலாகக் கலக்கப்பட்டது. ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும், ரேடியத்தின் அரை ஆயுள் (அது பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 1,600 ஆண்டுகள் என்பதால் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். உதிர்ந்த தூளைச் சுவாசிப்பதுதான் பெரிய ஆபத்து. அத்தகைய வாட்சை, ரேடியத்தைக் கையாளும் வசதியுள்ள தொழில்முறைக் கலைஞரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.