ஒரு ராத்திரி தள்ளிச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கணவரின் தம்பி கடை வைக்க வங்கியில் 8 லட்சம் கடன் கேட்டிருக்கிறார். "அண்ணி, நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டாத்தான் நடக்கும்" என்று போனில் சொன்னார். யோசிக்காமல் "சரிப்பா" என்றுவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. யார் எது கேட்டாலும் என் வாய் முந்திக்கொண்டு சரி சொல்லிவிடுகிறது, அப்புறம் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்களே, அது இதற்கெல்லாம் உதவுமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உதவும். அந்தந்த நொடியில் உடம்பிலும் மனசிலும் நடப்பதை அப்படியே கவனிப்பதுதான் அது. எனக்கு உதவியது, அதனால் சொல்கிறேன்.

நான் 31 வருடம் வங்கியில் இருந்தவள். கடைசி 12 வருடம் கடன் பிரிவு. எத்தனையோ மனுக்களைக் குரல் நடுங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே நான், 2006-இல் என் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டு முடிப்பதற்குள் 5 பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்லி அடகு வைத்தார். அது ஏலத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஆறு வருடம் ஆயிற்று. அவர் வெட்கத்தில் வரவில்லை, நான் கோபத்தில் கூப்பிடவில்லை. அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான்.

இதை முகதாட்சணியம் என்பார்கள். எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நாம் இசைந்துவிடுவது. உங்கள் விஷயத்தில் முகம்கூடத் தெரியவில்லை, போனில் குரல் மட்டும்தான். அதற்கே இசைந்துவிட்டீர்கள். முகம் வாடுவதை மனசே வரைந்துகொள்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கும் விபாசனா தியான மையத்தில் 10 நாள் வகுப்புக்குப் போனேன். கட்டணம் கிடையாது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பேச்சு இல்லை, காலை 4 மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாள் மூச்சு மூக்கில் படும் இடத்தைக் கவனிப்பது மட்டும்தான். நாலாம் நாளிலிருந்து தினம் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்காரச் சொன்னார்கள். எனக்கு இடது மூக்கோரத்தில் ஓர் அரிப்பு வந்தது. கை தானாக எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அரிப்பு ஏறியது, இதற்கு மேல் தாங்காது என்ற இடம் வரை போனது, பிறகு தானாகவே அடங்கிப் போய்விட்டது. அண்ணன் வாசலில் நின்றபோது என் நெஞ்சில் எழுந்ததும் இதே மாதிரி ஓர் அரிப்புதான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. சங்கிலியைக் கழற்றியது சொறிந்துகொண்டதுதான். அன்று அழுதேன்.

உங்கள் கொழுந்தனார் "அண்ணி" என்று குரலை இறக்கியபோது உங்கள் உடம்பில் ஏதோ நடந்திருக்கும். தொண்டை அடைத்திருக்கலாம், வயிறு பிசைந்திருக்கலாம். அது தாங்க முடியாமல்தான் "சரிப்பா" வெளியே வந்தது. அந்தச் சொல் வெளியே வந்ததும் அடைப்பு விலகியிருக்கும், பாருங்கள். நம்முடைய பாதி சம்மதங்கள் எதிராளிக்கு உதவுவதற்காகக் கொடுத்தவை அல்ல, நம் தொண்டையை விடுவித்துக்கொள்ளக் கொடுத்தவை.

ஆகையால் பயிற்சியை அங்கே வையுங்கள். பெரிய விஷயத்தில் தொடங்க வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மா சீட்டில் சேரச் சொல்லும்போது, சக ஆசிரியை தன் வகுப்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்லும்போது, பதில் சொல்வதற்கு முன் பாதம் தரையில் படுவதை உணருங்கள். ஒரு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வரட்டும். உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். பிறகு "ராத்திரி யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் தடையில்லாமல் வாயில் வர எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது.

ராத்திரி, சரி சொன்னால் என்ன ஆகும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். இந்த இடத்தில் பழைய வங்கிக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். ஜாமீன் கையெழுத்து என்பதைச் சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைப்பவர்கள் அதிகம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. அவர் தவணை கட்டவில்லை என்றால், முதலில் அவரிடம் வசூலித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும், நாளை நீங்கள் வீட்டுக்கடன் கேட்டால் அதையும் பார்ப்பார்கள். பணம் அவர் கைக்குப் போன பிறகு, வங்கி ஒப்புக்கொண்டால் ஒழிய நீங்கள் விலக முடியாது. கையெழுத்துப் போட வரும் பல பேர் இதைப் படிக்காமல் "எங்கேம்மா போடணும்" என்று மட்டும் கேட்பார்கள். நான் பேனாவைக் கொடுக்காமல் முதலில் படித்துக் காட்டுவேன். சிலர் எழுந்து போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பின்னால் வந்து என்னைக் குறை சொன்னதில்லை.

நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் காலம் கடந்துவிடவில்லை. முதலில் உங்கள் கணவரிடம் பேசுங்கள். சாப்பிடும்போது வேண்டாம், சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் சும்மா இருக்கும் நேரமாகப் பாருங்கள். "உங்க தம்பி ஏமாத்திடுவார்னு நான் நினைக்கலை. 8 லட்சம் நம்மால கட்ட முடியாது, அதுதான் என் பயம்" என்று சொல்லுங்கள். பிறகு கொழுந்தனாரிடம் நீங்களே சொல்ல வேண்டும், வேறு ஆள் மூலம் வேண்டாம்: "தம்பி, அன்னைக்கு அவசரத்துல சரின்னுட்டேன், தப்பு என்னோடது. கையெழுத்து என்னால போட முடியாது." இதற்கு மேல் காரணம் அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார். உதவத்தான் வேண்டும் என்று தோன்றினால், திரும்பி வராவிட்டாலும் நீங்கள் மறந்துவிடக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுங்கள், கடன் என்று சொல்லாமல்.

சொன்ன பிறகு குற்ற உணர்ச்சி வரும். நிச்சயம் வரும். தப்பு செய்துவிட்டோமோ என்று அன்று இரவே போன் செய்து மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். அந்த மூக்கரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணை மூடி உட்கார்ந்தால் எண்ணம் இரண்டு மடங்காகிறது. எனக்கு இது சரிப்பட்டு வராதோ?
— இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: எண்ணம் கூடவில்லை, இருந்தது கண்ணில் படுகிறது. மனசைக் காலி செய்வதற்காக வந்த பயிற்சி இல்லை இது. ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியைத் தொடங்கியபோது, அவரிடம் வந்தவர்களில் தீராத வலியோடு இருந்தவர்கள் பலர். எட்டு வாரப் பயிற்சி அது. முதல் வகுப்பில் ஒரே ஓர் உலர் திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று தின்னச் சொல்வார்கள். கண்ணை மூடுவது ஒத்துவரவில்லை என்றால் விடுங்கள். காலையில் அரிசி களையும்போது தண்ணீரின் குளிர்ச்சி மணிக்கட்டில் ஏறுவதை, கழனீர் தெளிந்து வருவதைப் பாருங்கள். நினைப்பு எங்கேயாவது போனால் திரும்பி அரிசிக்கு வாருங்கள். மூன்று தண்ணீர் களைந்து முடிக்கும் நேரம் போதும்.

கேள்வி: வயது 27. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. என் டீம் லீட் இரவு 11 மணிக்குக்கூட மெசேஜ் போடுவார். உடனே பதில் அனுப்பாவிட்டால் படபடப்பாக இருக்கிறது. எப்படி எல்லை போடுவது?
— வாசகர், சென்னை

பதில்: தம்பி, எல்லை போடுவதற்கு முன் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். போன் சத்தம் கேட்டதும் உங்கள் கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். படிப்பதற்கு முன்பே மூச்சு மேலோட்டமாகியிருக்கும். ஒரு தாளில் ஒவ்வொரு மெசேஜுக்கும் நேரத்தையும், அது காலை வரை காத்திருக்க முடியுமா முடியாதா என்பதையும் குறித்து வையுங்கள். வார முடிவில் அந்தத் தாள்தான் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும். ஏழு நாளில் நிஜமான அவசரம் எத்தனை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு பகலில், நேரில், டீ குடிக்கப் போகும்போது சொல்லுங்கள்: "ராத்திரி 9 மணிக்கு மேல மெசேஜ் பார்க்கறதில்லைன்னு வச்சிருக்கேன். ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது நின்னுபோச்சுன்னா கால் பண்ணுங்க, எடுத்துடுவேன்." கதவைச் சாத்திவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது மாதிரி. இப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் சொன்ன சொல்லை முதலில் நீங்கள் காப்பாற்ற வேண்டும். 9:20-க்கு ஒரு கட்டைவிரல் ஸ்மைலி போட்டீர்களானால் எல்லாம் போச்சு. சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள், படுக்கையறையில் வேண்டாம். முதல் நாலைந்து இரவு படபடப்பு இருக்கும். அது வரும்போது எழுந்து போகாமல், நெஞ்சில் கையை வைத்துப் படுத்திருங்கள்.

கேள்வி: என் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். "மூச்சைக் கவனி, கோபப்படாதே, பொறுமை வரும்" என்று தியான வகுப்பில் சொன்னார்கள். ஆறு மாதமாகக் கவனிக்கிறேன். அடி நிற்கவில்லை.
— வாசகி

பதில்: அம்மா, உங்களிடம் குறை எதுவும் இல்லை. அந்த அறிவுரை தவறு. அடியைப் பொறுத்துக்கொள்ள மூச்சைக் கவனிக்கச் சொல்வது யாராக இருந்தாலும் தவறு. உங்கள் உடம்பு பயப்படுகிறது என்றால் அது உண்மையைச் சொல்கிறது, அதை அடக்க வேண்டாம்.

181 என்ற எண்ணை யாரும் பக்கத்தில் இல்லாதபோது கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், கட்டணம் இல்லை. அந்த நேரத்திலேயே ஆபத்து என்றால் 112. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு அவர் பெயரில் இருந்தாலும் அதில் தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்கிறது. உங்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ஆதார், குழந்தைகளின் சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், இரண்டு துணி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

மறுபடியும் எனக்கு எழுதுங்கள். கடிதத்தில் உங்கள் பெயரோ ஊரோ போட வேண்டாம், உங்கள் கையெழுத்து எனக்கு அடையாளம் தெரியும்.