மனுவோடு வருபவர் மீது வழக்கு எதற்கு?

கேள்வி: தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கும் சட்டம் ஒழிந்துவிட்டது என்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அப்படி முயன்றவர்கள் மீது மட்டும் இன்னும் வழக்குப் போட முடிவது எப்படி?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: முழுதாக ஒழியவில்லை. பிழைத்தவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல் விதித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்கச் சொல்லி சட்ட ஆணையம் 1971இலேயே பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் 1994இல் அது செல்லாது என்றது. 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், மாறாக நிரூபிக்கப்பட்டாலொழிய அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று சொன்னது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 இல்லை.

ஆனால் 226ஆம் பிரிவு இருக்கிறது. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ அவரது கடமையைத் தடுக்கவோ எண்ணித் தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது சமூக சேவை என்கிறது அது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்த மணிப்பூரின் இரோம் சர்மிளாவைப் பதினாறு ஆண்டுகள் மீண்டும் மீண்டும் காவலில் வைக்க 309 பயன்பட்டதை மறக்காதவர்களுக்கு, இந்தச் சொற்கள் யாருக்கு எதிராகத் திரும்பும் என்று விளக்க வேண்டியதில்லை.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு குடும்பம் உயிரிழந்தது. அதீத வட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. நடைமுறையில்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எழுதி வருகிறேன். மனுவின் மீது நடவடிக்கை எடுக்காதவரைக் கேள்வி கேட்காமல், நம்பிக்கை இழந்து நிற்பவரை மிரட்டுபவராக நிறுத்தும் 226ஆம் பிரிவு அநீதியானது. அது நீக்கப்பட வேண்டும்.

வழக்குப் பயத்தால் குடும்பத்தார் மருத்துவரிடம் உண்மையை மறைப்பதும், அதனால் பிழைத்தவருக்கு மனநலச் சிகிச்சை கிட்டாமல் போவதும் இத்தகைய பிரிவுகளின் விளைவே. குறைதீர்க்கும் நாளில் வாசலில் காவலர்களை நிறுத்திப் பைகளைச் சோதிக்கும் மாவட்ட நிர்வாகம், உள்ளே ஒரு மனநல ஆலோசகரை அமர்த்துவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்த எவரேனும் அந்த எண்ணத்தில் தவித்தால், அரசின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் பேசலாம். வழக்கு வருமோ என்று அஞ்சித் தயங்க வேண்டாம்.