எழுத்துக் குழுக்களில் மூத்தவர்கள் புதியவர்களிடம் கடுமையாக நடப்பது ஏன்?

பெரும்பாலும் அது பகையினால் வருவதன்று. ஒரே பிழையைப் பலமுறை திருத்திய சலிப்பில், முதன்முறை வருபவரையும் பழைய குற்றவாளியாகவே மூத்தவர் பார்த்துவிடுகிறார். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-க்குப் பின் முனைப்பான பங்களிப்பாளர் எண்ணிக்கை குறைந்ததை ஆராய்ந்து 2013-இல் வெளியான கட்டுரையொன்று, நல்லெண்ணத்துடன் எழுதிய புதியவர்களின் திருத்தங்கள்கூட நிராகரிக்கப்பட்டதையும், அதில் தானியங்கிக் கருவிகளுக்கு இருந்த பங்கையும் முக்கியக் காரணங்களாகச் சுட்டியது.

கோத்தகிரியில் நாங்கள் மாதந்தோறும் கூடும் சிறிய வாசகர் வட்டத்தில் கருவி ஏதுமில்லை. சிவப்பு மைப் பேனா ஒன்று போதுமானதாக இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், தன் கதையில் ‘கவாத்து’ என்று எழுதியிருந்ததை, எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் அடித்துவிட்டு, ‘கிளை நறுக்குதல்’ என மேலே எழுதிக் கொடுத்தார். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு இம்மலையில் எல்லோரும் சொல்லும் சொல் ‘கவாத்து’தான். (திருத்தியவர் ஓய்வுபெற்றபின் சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்.) அந்தப் பெண் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், அடுத்த கூட்டத்திற்கு வரவில்லை.

இப்போது புதியவர் வாசித்து முடித்ததும், தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்ட பிறகே எவரும் பேனாவைத் திறக்கலாம் என்று வைத்திருக்கிறோம். சந்திப்பிழைகளை அவரிடம் தனியாகச் சொல்கிறோம்.